இரட்டைப் பிள்ளைக்காரியின் கால்

20 ஒக்டோபர் 1931, செவ்வாய்

காலையில் தூறல். பின்னேரம் இடியோடு பெருமழை. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மறுபடி வீட்டுக்குள்.

இடுப்பு மோசம். வலப்பக்கம் இறுக்கிப் பிடித்துத் தொடை வரைக்கும் இழுக்கிறது. கதிரையில் இருக்க ஏலாது. அலுமாரித் தட்டில் கொப்பியை வைத்து நின்றபடி எழுதுகிறேன்.

நாளைக்கு:
உளுந்து ஊறப்போட.
இவருடைய கோட்டுக்குப் பொத்தான்.
நாராயண தைலம் முடிந்தது. இவருக்குத் தெரியாமல் வாங்க.
நிமிர்ந்து நடக்க.

கடைசிதான் முக்கியம். சனிக்கிழமை மச்சாள் வருகிறா. இவருடைய தமக்கை, கொக்குவிலிலிருந்து. என் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போக. பள்ளிக்கூட வயது வரும் வரைக்கும் அங்கே வளரட்டுமாம். மச்சாளுக்குப் பிள்ளையில்லை.

எல்லாம் ஆவணியில் நடந்தது. இரட்டையில் சின்னவனைக் குளிக்க வார்க்கும்போது இடுப்புப் பிடித்து அவனைக் கைவிட்டேன். வழுக்கி விழுந்து பயந்தானே தவிர, காயம் ஒன்றுமில்லை. இவர் பார்த்துவிட்டார். அன்றைக்கே தமக்கைக்கு எழுதிப் போட்டார். இரண்டு பேரையும் உம்மால் சமாளிக்க ஏலாது, உம்முடைய நன்மைக்குத்தான் என்கிறார். கோபக்காரர் என்றால் சண்டை பிடிக்கலாம். இரக்கப்படுகிறவரோடு என்ன செய்வது?

அன்றிலிருந்து எனக்கு இடுப்பு நோவே கிடையாது. யார் கேட்டாலும் அதுதான் பதில்.

21, புதன்

வெயில். உளுந்து ஊறியது. பொத்தான் தைக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சுலைகா வேலிக்கு வந்தாள். அவளுடைய உம்மா தொழுதுவிட்டு எழும்பும்போது பிடித்துக்கொண்டதாம். "நிமிர ஏலாம ஈக்கிறாங்க. ஒருக்கா வந்து கால வெச்சிட்டுப் போங்களே."

பிள்ளைகள் பிறந்ததிலிருந்து இதே வேலை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் நீவினால் பிடிப்பு விடும் என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். சைவம், கிறிஸ்து வேதம், இஸ்லாம், சிங்களம், வித்தியாசமே இல்லை. கேட்டு வந்தவரைத் திருப்பக் கூடாதாம். கைம்மாறும் வாங்கக் கூடாதாம்.

போனேன். உம்மா பாயில் குப்புறப் படுத்திருந்தா. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் இடுப்பிலிருந்து கீழே நீவ வேண்டும். அந்த ஒற்றைக் கால்தான் என்னைக் கொல்கிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நீவினேன். உம்மா எழும்பி நடந்தா, எனக்காக அல்லாவிடம் துஆக் கேட்டா. என் காலால் சுகமானதோ, கொஞ்ச நேரம் படுத்ததால் சுகமானதோ, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் அடுப்படியில் நின்று முந்தானையைக் கடித்தேன். எனக்கு யார் மிதிப்பது? இந்தத் தெருவில் இரட்டைப் பிள்ளைக்காரி நான் ஒருத்திதான்.

22, வியாழன்

தைலம் கிடைத்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தாயிற்று.

பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கொழுந்தெடுக்கிற மனுஷி, பஸ் ஏறி, ஆரிடமோ விசாரித்துக்கொண்டு வந்துவிட்டா. கூடை தூக்கித் தூக்கிப் போன இடுப்பு. என் காலால் அதற்கு என்ன ஆகும், பாவம். நீவினேன். தேத்தண்ணீர் கொடுத்தேன். போகும்போது சொன்னா: "ஒங்களுக்கெல்லாம் இடுப்பு வலின்னா என்னன்னே தெரியாதும்மா. குடுத்து வச்சவங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்லதாய்ப் போயிற்று.

பின்னேரம் கோயிலுக்குப் போய் வரும்போது, வீட்டுக்கு ஏறும் படியில் பெரியவன் தூக்கு என்றான். அவனைத் தூக்க, சின்னவனும் கையை நீட்டினான். இவர் பின்னால் வருகிறார். இரண்டு இடுப்பிலும் இரண்டு பேர், முகத்தில் சிரிப்போடு ஏறினேன். இப்போது கால் பெருவிரல் விறைத்துப் போய்க் கிடக்கிறது.

எவனை? நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரியவன் போனால் சின்னவன் வாயே திறக்க மாட்டான், அவனுக்காகவும் பேசுகிறவன் பெரியவன்தான். சின்னவன் போனால் பெரியவன் சோறு தின்ன மாட்டான். இவருக்கு இதெல்லாம் தெரியாதா? நல்ல மனுஷன், ஆனால் இந்த விஷயத்தில் சுத்த மக்கு.

23, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

இவர் அரசாங்கக் கச்சேரி வேலையால் நேரத்தோடு வந்தார். அலுமாரிக்கு மேலே கிடந்த றங்குப்பெட்டியை இறக்கப் போனார், பிள்ளையின் உடுப்பு அடுக்க. பார்க்கப் பிடிக்காமல் குசினிக்குள் போனேன். ஒரு சத்தம். பெட்டி விழுந்தது என்று ஓடினால், பெட்டி மேலேயே இருக்கிறது, சத்தம் போட்டது இவர். பாதி குனிந்தபடி நிற்கிறார், நிமிரவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. முகம் முழுக்க வேர்வை.

ஒருவாறு பாயில் குப்புறப் போட்டேன். ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் ஆள் அனுப்பட்டோ என்றேன், வேண்டாமாம். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன், கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சேரும், ஊராக்களுக்கெல்லாம் மிதிக்கிறீர்தானே."

புருஷன் மேல் காலை வைப்பதா? தற்செயலாய்க் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவள் நான். மாட்டேன் என்றேன். இது மருந்து, குற்றமில்லை, கதவைச் சாத்தும், ஒருத்தருக்கும் தெரியவராது என்றார். கெஞ்சாத குறை. கதவைச் சாத்தினேன். அவருடைய பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன்.

முதல் தரம் சரி. அடுத்த தரம் எனக்குப் பிடித்துவிட்டது. சதை கட்டையாய் இறுகித் துடித்தது. எப்போதும் குசினிக்கு ஓடுவேன், இன்றைக்கு ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே விழுந்து கத்தினேன். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்து ஆளுக்கொரு முதுகில் ஏறி இருந்துகொண்டார்கள். இறங்கடா என்று சொல்லவும் எனக்கு மூச்சில்லை.

இவர் தலையை மட்டும் திருப்பி என்னையே பார்த்தார்.

"இது எவ்வளவு காலமாய்?"

"இவங்கள் பிறந்த நாள் தொட்டு."

"சுகமெண்டு சொன்னீரே."

"நோகுதெண்டு சொன்னால் ஒருத்தனைக் கொண்டு போயிடுவியள்."

பிறகு ஒவ்வொன்றாய்க் கேட்டார். இதோடேயா தண்ணீர் அள்ளுகிறீர், இதோடேயா நேற்றுப் படி ஏறினீர். ஓம், ஓம் என்றேன். அழுதேன், நோவுக்காக அல்ல.

பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலேதான். ஆனால் இவர் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு நோகிறதென்று தெரிந்த பிறகு இரண்டு பேரையுமே அனுப்பிவிடுவாரோ? பயமாய் இருக்கிறது.

24, சனி

ஸ்ரேஷனுக்குப் போக இவரால் முடியவில்லை. மச்சாள் தனியே ரிக்‌ஷோவில் வந்து இறங்கினா. ஊர்ப் பனையின் ஒடியல், பினாட்டு, முருங்கைக்காய். தன் கையால் தைத்த ஒரு சட்டை. ஒன்றுதான்.

உள்ளே வந்தால் தம்பி ஒரு பாயில், நான் ஒரு பாயில். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றா. பிறகு இருந்து, பிள்ளைகள் இருவரையும் மடியில் வைத்துக்கொண்டு, பெரியம்மாவோடு ஆர் வாறது என்று கேட்டா.

இவர் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். "ஒருத்தரும் வரேல்லை, அக்கா. ஒரு பிள்ளையைக் குறைச்சால் இவவின்ரை நோக் குறையுமெண்டு நினைச்சிட்டன். நான் எழுதினது பிழை."

மச்சாள் ஏசவில்லை. சட்டையை மடித்தா. மடிப்புச் சரியில்லையென்று விரித்து மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தா. குசினி எந்தப் பக்கம் என்று கேட்டு எழும்பிப் போனா.

படுத்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. அந்தச் சட்டையை மடித்த கைகளைத்தான் பார்க்க ஏலாமல் போயிற்று.

முருங்கைக்காய்க் குழம்பு. உறைப்புக் கூட. எல்லாரும் சாப்பிட்டோம்.

25, ஞாயிறு

மழை. இவர் சுவரைப் பிடித்து நடக்கிறார். எனக்கும் கொஞ்சம் பரவாயில்லை.

மச்சாள் பிள்ளைகளைக் குளிக்க வார்த்தா. பிறகு, அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்த தைலத்தோடு வந்து, திரும்பிப் படு பிள்ளை என்றா. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தைலத்தைச் சூடு காட்டி இடுப்பில் தேய்த்தா. கடினமான கை, நல்ல சுகம். எந்த இடத்தில் நோகுது என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தா. இஞ்சை, இன்னும் கீழே, ஓம் அதுதான் என்றேன்.

"எனக்கு ஓரிடமும் நோகாது, பிள்ளை. ஒரு நாளும் நோகேல்லை."

குப்புறக் கிடந்ததால் மச்சாளின் முகம் தெரியவில்லை. பொங்கல் வரைக்கும் நில்லுங்கோ மச்சாள் என்றேன். கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது.