வெயிலில் இறக்கிய படுதா

அண்ணாச்சி,

இன்று மதியம் மட்டாஞ்சேரி ஜூ டவுன் முக்கில் லோடுக்குக் காத்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. என் பெட்டி ஆட்டோவின் படுதாவை இரண்டு பக்கமும் இறக்கினேன். இறக்கியதும் அந்த வாடை வந்தது. நனைந்த தார்ப்பாய், சுக்குத் தூசி, சீட்டுக்கடியில் எப்போதோ சிந்திய பரோட்டாக் குருமா. மழைக்குப் படுதா இறக்காத வண்டிக்காரன் கிடையாது. வெயிலில் இறக்குகிறவன் மட்டாஞ்சேரியில் நான் ஒருவன்தான். அதை முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள்.

அன்றைக்கு நல்ல மீன மாசத்து வெயில், நம்மூர்ப் பங்குனி. கிடங்குச் சுவரோரம் வண்டியை ஒதுக்கி, உள்ளே வேர்வை சொட்டச் சொட்டத் தின்றுகொண்டிருந்தேன். வீட்டில் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். பசியென்றால் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லையே. பரோட்டா முடிந்து நேந்திரங்காய் வறுவல், அதுவும் முடிந்து அல்வா. ருசிகூடத் தெரியாது. கை தானாகப் போகும், வாய் தானாகத் திறக்கும். நான் எங்கேயோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் படுதாவைத் தூக்கினீர்கள். "ஏலே, இந்த வெயில்ல மூடிக்கிட்டு உள்ள என்ன நடக்கு? பொண்ணு பாக்கியா?"

ஸ்டாண்டிலேயே வாய் ஓயாதவன் என்று பேரெடுத்த எனக்கு, அன்று பதில் சொல்ல வாயில் இடமில்லை.

பொட்டலங்களைப் பார்த்தீர்கள். என் முகத்தையும் பார்த்தீர்கள். சிரிக்கவில்லை. "தள்ளி உக்காருலே" என்றீர்கள். ஒரு ஆள் உட்காரும் சீட் அது. என்னைப் போல ஒருவன் உட்கார்ந்தால் காற்றுக்கே இடம் இருக்காது. பாதி உடம்பை உள்ளேயும் பாதியை வெயிலிலுமாக வைத்து உட்கார்ந்து, என் அல்வாவில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, உங்கள் வண்டியின் கிளட்ச் கேபிளைத் திட்ட ஆரம்பித்தீர்கள். நீங்கள் திட்டி முடிப்பதற்குள் என் கை நின்றுவிட்டது. மிச்சத்தை மடித்து வைத்தேன். இறங்கும்போது சொன்னீர்கள்: "இனிமே இது வந்துச்சுன்னா ஒரு போனப் போடு. தனியா உக்காராத."

போட்டேன். வெட்கமில்லாமல் எத்தனையோ தடவை போட்டேன். "தோப்பும்படி பாலத்துல மாட்டிக்கிட்டேன், வாரேன், அதுவரைக்கும் வாய மூடிட்டு இரு" என்பீர்கள். வருவீர்கள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

மற்றவர்களுக்கு நான் வேடிக்கை. ஓணத்துக்குச் சுள்ளிக்கல் கிளப்பில் இட்லிப் போட்டியில் ஜெயித்து வாங்கிய கப்பு இன்னும் எங்கள் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. வயிற்றைத் தட்டிக்காட்டி, "இதுவும் பெட்டி, அதுவும் பெட்டி, ரெண்டுக்கும் லோடு வேணும்" என்று நானே சொல்லிச் சிரிப்பேன். நானே முதலில் சிரித்துவிட்டால் அடுத்தவனுக்குச் சிரிக்க மிச்சம் இருக்காது என்று ஒரு கணக்கு.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குள் நடந்தே போன மனிதர் நீங்கள், தூக்கித்தான் கொண்டுவந்தோம். அதற்கப்புறம் ஒரு நாள், கை பழக்கத்தில் உங்கள் நம்பரை அழுத்திவிட்டது. மதினி எடுத்தார். "என்ன தம்பி, சொல்லுங்க" என்றார். என் வாயில் லட்டு. எப்படியோ விழுங்கிவிட்டு, "சும்மாதான் மதினி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு வைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

போன மாதம் இரண்டாவது தடவையாக யாரோ என் படுதாவைத் தூக்கினார்கள். களமசேரியில் படிக்கும் என் மகள். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்திருந்தாள். நீங்களாவது ஒரு கிண்டல் செய்தீர்கள். அவள் கண்ணாடியை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பார்க்க வேண்டிய எதையும் அதைப் போட்டுக்கொண்டு பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

அன்று சாயங்காலம் சொன்னாள். "அப்பா, இது தீனி ஆசை ஒண்ணும் இல்ல. இது ஒரு அசுகம், ஒரு நோய். சிகிச்சை உண்டு."

"கப்பு வாங்கினவனுக்கு அசுகமா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் மனைவிதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருஷம் என் சமையல் நல்லாருக்குன்னுல்ல நெனச்சேன்." 

நாளைக் காலையில் எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் முதல் நாள். "அட்மிட் ஒண்ணும் வேண்டாப்பா. வாரா வாரம் போகணும், பேசணும், அவங்களோட உக்காந்து சாப்பிடணும், வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்" என்கிறாள் மகள். அந்த அவ்வளவுதான் எனக்கு ஒரு லாரி லோடு மாதிரி. காத்திருக்கும் இடத்தில் தின்ன மறுக்கும் ஒல்லியான பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களாம். என்னைப் பார்த்தால் மூட்டை இறக்க வந்தவன் என்று பின்வாசலைக் காட்டுவார்கள். ஊரே பார்க்கப் போட்டியில் தின்றவனுக்கு ஒரு நர்ஸ் முன்னால் ஒரு தோசை தின்னப் பயம்.

ஸ்டாண்டில் பல் வலி, நாளைக்கு லீவு என்று சொல்லியிருக்கிறேன். "பல்ல எடுத்துடாதீங்க சேட்டா, நம்ம கப்பே அதுலதான் இருக்கு" என்று ஒருவன் சொன்னான். எல்லோரையும்விட அதிகமாக நான்தான் சிரித்தேன்.

மகளிடம், "நீ வாசலோட நில்லு, உள்ள நான் மட்டும் போறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். உள்ளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களாம். அவள் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கை வழியிலேயே படுதாவுக்குள் தின்று தீர்த்துவிட்டு, பேக்கரி அடைத்திருந்தது என்று கையை விரித்தவன் நான். அதை எந்த டாக்டரிடமும் சொல்லிவிடலாம். அவள் காதில் விழச் சொல்ல முடியாது.

இன்று சுக்கு நனைந்துவிடும் என்று லோடை ஒத்திப்போட்டார்கள். மழை விட்டது. வெயில்கூட அடித்தது. படுதா மட்டும் இறங்கியே இருந்தது. மடியில் அல்வாப் பொட்டலம். அதை எப்போது வாங்கினேன் என்று சத்தியமாக நினைவில்லை. போனை எடுத்தேன். பாழாய்ப்போன கை முதலில் உங்கள் பெயருக்குத்தான் போனது. நிறுத்தி, மகளைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு நீயும் உள்ள வா" என்றேன்.

"வரட்டா?"

"வா. ஆனா ஒரு கேக்கு விஷயம் வரும். நீ கேட்டுத்தான் ஆகணும்."

 "அன்னிக்கு உங்க சட்டையில கிரீம் இருந்துச்சுப்பா" என்றாள். "இப்ப எங்க நிக்கிறீங்க?"

"முக்குலதான். வண்டியில."

"படுதா?"

"இறங்கித்தான் இருக்கு."

"அவிடயே இருங்க, வர்றேன்."

களமசேரியிலிருந்து பஸ் மாறி வர நேரமாகும். அதற்குள் உங்களுக்கு எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது. பயமும் வெட்கமும் அப்படியேதான் இருக்கின்றன. படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். போகிற வருகிற எல்லோருக்கும் நானும் என் பொட்டலமும் தெரிகிறோம். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. அவள் வந்தால் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு எதையாவது திட்டட்டும்.

சீட்டில் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், அண்ணாச்சி. நீங்கள் உட்காரும் பக்கத்தில் இடம் விட்டு.