இரண்டாம் நம்பர் பொத்தான்

தம்பி,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி என்னோடு வருகிறது. இதைப் படிக்காமல் நீ காரில் ஏறிவிடக் கூடாது.

உன் பழைய காருக்கு, அந்த இரண்டு கதவுக் கிழவிக்கு, பேட்டரியைக் கழற்றவே விடாமல், வாரம் தவறாமல் சார்ஜர் மாட்டுவாயே. “சாகக் கிடக்கிறவளுக்கு குளுக்கோஸ் ஏத்துறான், கஞ்சன்” என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான்தான். இன்று நீ வேலைக்குப் போனதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் புது பேட்டரி போட்டுவிட்டேன்.

வேலையை முடித்துவிட்டு அவர் சொன்னார்: “பழைய பேட்டரியைக் கழட்டினதும் சீட் மெமரி அழிஞ்சிருச்சுக்கா. யாருக்கு சீட் எவ்வளவு தள்ளி இருக்கணும்னு அந்தப் பொத்தான்லதான் பதிஞ்சிருக்கும். ஒண்ணாம் நம்பர் தம்பியோடது. ரெண்டாம் நம்பர் யாரோடது? அவங்களையே வந்து உக்காந்து செட் பண்ணச் சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் பெண்டாட்டி செத்துப் பதினொரு மாதம். அவள் உட்கார்ந்து ஓட்டின சீட் அளவு அந்த இரண்டாம் பொத்தானில்தான் இருந்திருக்கிறது. சாயங்காலங்களில் நீ அதை அழுத்திவிட்டு, முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க உட்கார்ந்திருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்தும், “இவனுக்குக் கிறுக்கு” என்றுதான் அடுத்த வீட்டில் போய்ச் சொன்னேன்.

மெக்கானிக் போனபின் நானே ஏறி, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். அவளைக் குள்ளச்சி என்று ஊரெல்லாம் கேலி பேசினேனே தவிர, எவ்வளவு குள்ளம் என்று எனக்குத் தெரியவில்லைடா.

அக்கா

இன்னொன்று: ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். இதை இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. வந்ததும் திட்டு, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.