றால் பிடிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் ஆண்டாளுக்கு அம்மா சாலம்மாள் எழுதிக்கொண்டது. முட்டி வலியையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்காவிட்டால் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க நம் ஊர் மாரி துணை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய், மாப்பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கிறார். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. மூன்றாவது வரை படித்த கை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய வீடியோவை ஏழு தடவை பார்த்தேன். முதுகில் காற்று சிலிண்டர், உடம்போடு ஒட்டிய கறுப்பு ரப்பர் சட்டை, கையில் டார்ச், அந்த நியூசிலாந்துக் கடலின் இருட்டுக்குள் பாறை இடுக்கில் கையை விட்டு அவ்வளவு பெரிய சிங்கி றாலை இழுத்து வருகிறாய். நம் மலை ஓடை நண்டுக்கு அது பாட்டன். ஐஸ் தண்ணீராம், மேலே வந்தபோது உன் உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது. முட்டையோடு இருக்கும் றாலைத் திரும்ப விட்டுவிட வேண்டும், அது இங்கே சட்டம் என்றாய். நல்லது. றாலுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "அவரு பெருசா ஒண்ணப் பாத்துட்டு அது பின்னாலயே போய்ட்டாரும்மா, நான் ஒண்டியா சுத்திக்கினு இருந்தேன், மேல வந்து பாத்தா படகு வெளிச்சம் எங்கியோ கீது" என்று சொன்னாய். ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருவரை ஒருவர் விடக் கூடாது, அதுதான் பயிற்சியில் முதல் பாடம் என்று முன்பு சொன்னவளும் நீதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பா போனபோது உனக்கு எட்டு வயது, தெரிந்தது பாதி. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கிணற்றில் மோட்டார் பைப்பின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் புட்வால்வு சேற்றில் மாட்டிக்கொண்டது. மார்கழித் தண்ணீர். உன் அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டி மூச்சடக்கி இறங்கினார். இரண்டு இழுப்பு இழுத்தால் மேலே தூக்க வேண்டும். கயிறு அவர் தம்பி சுப்புராயன் கையில். ஆடு மல்லாட்டைக் கொல்லையில் புகுந்து கடலைச் செடியை மேய்கிறது என்று அவன் கயிற்றை வேப்பமரத்தில் கட்டிவிட்டு ஓட்டப் போனான். உன் அப்பா இரண்டு இழுப்பு இழுத்துத்தான் இருப்பார். மரத்துக்கு என்ன தெரியும். இருபத்தேழு வருஷம் ஆகியும் அந்த ஆட்டின் நிறம் மறக்கவில்லை, கறுப்பு, காது மட்டும் வெள்ளை.

போன வாரம் பேத்திக்குக் காது குத்து என்று சுப்புராயன் பத்திரிகை கொண்டு வந்தான். கிழவனாகிவிட்டான். "அண்ணி, இன்னும் எத்தினி நாளைக்கி இப்புடியே இருப்பீங்க, ஒரு வாய் தண்ணியாச்சும் குடுங்க" என்றான். கொடுக்கவில்லை. "இன்னாப்பா, ஆடு வூடு வந்து சேந்துச்சா" என்றுதான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்த வார்த்தை. கேட்டால் மனசு ஆறும் என்று இருந்தேன், ஆறவில்லை.

கோபத்தை வைத்துக்கொள்வதும் ஒரு வேலைதான் ஆண்டாளு, தினமும் அதற்குத் தீனி போட வேண்டும். மாப்பிள்ளை நல்லவர், சுப்புராயனும் நல்லவனாகத்தான் இருந்தான். சனிக்கிழமைதோறும் கடலில் இறங்குகிறாய், போகாதே என்றால் நீ கேட்கமாட்டாய், கிணற்றில் நீந்தாதே என்று அடித்தபோதே கேட்காதவள். போனால் உங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்து ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், அதற்கென்றே அங்கே விற்கிறார்களாம், பேரன் சொன்னான். மாப்பிள்ளை சம்மதிக்காவிட்டால் அவரோடு இறங்காதே. இன்னொரு ஆள் மேல் கோபத்தைத் தூக்கிச் சுமக்க இந்த உடம்பில் தெம்பு இல்லை, அவரை அந்த இடத்தில் எனக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடாதே.

பேரனுக்கு முத்தம். நீங்கள் மூவரும் நூறு வயது இருங்கள். அங்கே ராத்திரி பத்து என்றால் இங்கே மத்தியானம் மூன்றரை. சனிக்கிழமை கரை ஏறியதும் ஈரத்தோடேயே போன் பண்ணு, நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகாமல் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் அம்மா
சாலம்மாள்