ஜோசப்தான் ஜெயித்தார், அக்கா

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய கிரேஸ் அக்காவுக்கு,

தமிழில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் கற்றுக்கொண்ட தமிழ் ‘சாப்டாச்சா’, ‘போதும்லா’ இரண்டும்தான். ஆனால் ஆங்கிலத்தில் எனக்கு ஆய்வு எழுத மட்டுமே வருகிறது. உங்களோடு பேச உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் மொழி ஒரு தடையாக இருக்காது என்று நம்புகிறேன்.

நம் புக்கிட் பெருவாங் வாடகை வீட்டில் உங்கள் அறைக்கு இன்னும் ஆள் வரவில்லை. நான்தான் வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். ஆப்பிரிக்காவில் கம்பாலாவிலிருந்து வந்த உங்களுக்கும் நியாலாஸ் தோட்டத்திலிருந்து வந்த எனக்கும் அந்த ஒரு வீடு எப்படிப் போதுமானதாக இருந்தது? என் அம்மா இப்போதும் போனில் உங்களைப் பற்றிப் பேசாமல் வைப்பதில்லை.

சங்கத்துத் தேர்தல் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கப் பட்டமேற்படிப்பு மாணவர் சங்கத்துக்கு நீங்கள் தலைவியானபோது முதலில் செய்தது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? தெங்கேராவில் அந்தக் கடைவீட்டு மாடி அறையில், கூட்டத்தில் பேசுவது எல்லாமே இரண்டு முறை சொல்லப்பட வேண்டும் என்றீர்கள். முதலில் ஆங்கிலத்தில், பிறகு சாட் நாட்டு இத்ரிஸ் வாயால் பிரெஞ்சில். ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரமானது. உங்களுக்குத் துணையாக வந்த நான் பின்வரிசையில் தூங்கி வழிந்தேன்.

கானாவிலிருந்து வந்த ஜோசப்புக்குத்தான் பொறுக்கவில்லை. “எல்லாரும் இங்கிலீஷ்லதானே படிக்கிறோம்? எதுக்கு இந்த வீண் வேலை?” என்று எழுந்தார்.

“புரியாம கை தூக்குறவங்க ஓட்டு எனக்கு வேணாம், ஜோசப்” என்றீர்கள்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அடுத்த நிமிடமே நீங்களும் எழுந்து போனீர்கள். முகம் கழுவப் போகிறீர்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒன்றுமே நடக்காதது போலக் கூட்டத்தைத் தொடர்ந்தீர்கள். அன்றிலிருந்து ஜோசப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பிறகு உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்றோம். ரத்தத்தில் நோய் என்றார்கள் டாக்டர்கள். “ஆஸ்பத்திரி சாப்பாடு அந்தப் புள்ளைக்கு எறங்காதுலா, கஞ்சி வெச்சித் தர்றேன், தெர்மோஸ்ல எடுத்துட்டுப் போ” என்று அம்மா நியாலாஸிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நீங்கள் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, அம்மாவிடம் “போதும்லா” என்றீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்து, நடைபாதையில் நின்று அழுதார்.

தினமும் சாயங்காலம் ஜோசப் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உங்களோடு வாதாடினார். நீங்களும் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னீர்கள். நோயாளியிடம் கூடவா வழக்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்ரிஸ்தான் என் கண்ணுக்கு நல்லவராகத் தெரிந்தார். நீங்கள் போன அன்று உங்கள் அம்மாவுக்குப் போன் செய்ய யாருக்கும் தைரியம் வராதபோது, அவர்தான் செய்தார்.

உங்களைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றி அனுப்பிய பிறகு சங்கம் சில மாதம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் தலைவர் பதவிக்கு ஜோசப்பும் இத்ரிஸும் நின்றார்கள். தேர்தலை யார் நடத்துவது என்பதிலேயே தகராறு. இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கம் நம்பவில்லை. முடிவில் இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள், என் பெயரை.

“நான் உங்க சங்கத்து ஆளே இல்லையேலா!” என்றேன்.

“அதனாலதான்” என்றார் இத்ரிஸ்.

பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாகக்கூட இருந்ததில்லை நான். முன்னால் போய் நின்றேன். முதலில் ஜோசப் பேச வேண்டும். அப்போதுதான் உறைத்தது, அவர் பேச்சைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியவர் இத்ரிஸ். எதிர்த்து நிற்பவர்! “இது எப்படிச் சரியாகும்? மாத்திச் சொல்லிட்டா?” என்று ஒரு குரல் எழுந்தது. அறையே சலசலத்தது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை. ஜோசப்பைப் பார்த்தேன்.

“அவரே சொல்லட்டும். இத்ரிஸை எனக்குத் தெரியும்” என்றார்.

ஆய்வில் முட்டி நின்று, தனியாக அறைக்குள் உட்கார்ந்து, கடைசியில் படிப்பை விட்டு ஊருக்குப் போகிறவர்களைப் பற்றி ஜோசப் பேசினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்துவோம் என்றார். இத்ரிஸ் அதைப் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அவர் குரலில் சூடு ஏறியது தெரிந்தது. முடித்தபோது பிரெஞ்சு பேசுகிறவர்களின் வரிசை கை தட்டியது. பிறகு இத்ரிஸும் பேசினார். ஓட்டு எண்ணியபோது ஜோசப்தான் ஜெயித்தார், அக்கா.

முடிவை அறிவித்த என் குரலில் சந்தோஷம் இல்லை. ஓரமாக இத்ரிஸைப் பிடித்து, “ஏன் அவ்வளவு நல்லாச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் பேசினாரு. நான் என்ன பண்றது?” என்று சிரித்தார். அவரைத்தான் ஜோசப் துணைத் தலைவராக்கினார்.

நாற்காலிகளை அடுக்கும்போது ஜோசப் என்னிடம் வந்தார். “உனக்கு என்னைப் பிடிக்காது, தெரியும். அன்னிக்கு நான் வெளிய போனப்ப, என் பின்னால பாதிக் கூட்டம் வரும்னு நினைச்சேன். படியில திரும்பிப் பார்த்தா, கிரேஸ் மட்டும் நிக்கிறா. ‘என்னை எதிர்த்துப் பேச உள்ள ஒரு ஆள் வேணும், போயிடாத’ன்னா. எனக்கு ரோஷம், திரும்பி வரலை. ஆஸ்பத்திரிக்கு வந்து, விட்ட சண்டையைப் போட்டேன். அவளும் விடலை” என்றார்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை நீங்கள்? ஒரே வீட்டில் இருந்தும், உங்களில் பாதியை இனிமேல்தான் தெரிந்துகொள்ளப் போகிறேனா?

கூட்டங்கள் இப்போதும் இரண்டு மணி நேரம்தான். முதல் வாரமே ஜோசப் அலுத்துக்கொண்டார். ஆனால் நிறுத்தவில்லை.

இன்னொரு செய்தி. உங்கள் தங்கை மெர்சிக்கு இங்கேயே படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீடியோவில் பேசினோம். பேச்சை விடச் சிரிப்புதான் அதிகம். “தலைவி வர்றா” என்று சங்கத்தில் இப்போதே சிலர் கேலி பேசுகிறார்கள்.

அவளை உங்கள் இடத்தில் உட்கார வைக்க நான் விடமாட்டேன், அக்கா. இது சத்தியம். உங்களைப் போல நட, உங்களைப் போலப் பேசு என்று அவளிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். அவள் படிக்கட்டும், ஊர் சுற்றட்டும், விருப்பமானால் கூட்டத்தில் பின்வரிசையில் தூங்கட்டும். விமான நிலையத்தில் நானும் அம்மாவும் நிற்போம். உங்கள் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். அது அவளுடைய அறை.

உங்களிடம் தங்கையாக இருந்து,
மெர்சிக்கு அக்காவாகப் போகும்
மாலதி