விலகிட்டேன், வாங்க

புளித்த மாவு வாடை வந்தால் ஊருக்கெல்லாம் இட்லி நினைவு வரும். எனக்கு உன் இடது கை நினைவு வரும். நேற்றுக் காலை பக்கத்து வீட்டிலிருந்து அந்த வாடை வந்தபோது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கூடவே குழந்தை வீறிடுகிற சத்தம். பாதிச் சட்டையோடு ஓடினேன்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நாம் இருவரும் அதைப் பேசியதே இல்லை. நீ இருந்தவரை எனக்குத் தைரியம் வரவில்லை. நீ போன பிறகு வருகிற தைரியத்துக்கு என்ன மதிப்பு என்று நீ கேட்கலாம். கேள்.

சோழபுரத்தில் உன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நான் வரவில்லை. அதற்கு நீ ஒரு சொல் சொன்னாய். அதற்கு நான் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வேலை எனக்கு. கொதிக்கிற பாலைத் தூக்கினால், "சூடு வருது" என்று குரல் கொடுக்காமல் அங்கே எவனும் ஓரடி வைக்கமாட்டான். பத்து வருஷம் கத்திப் பழகிய வாய், நம் வீட்டுக்குள் மட்டும் வீம்பு பிடித்து மூடிக்கொண்டது. கொல்லை அடுப்பிலிருந்து வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே நுழைய, துணிக்கூடையோடு நீ வெளியே வர, நிலைப்படியில் மோதிக்கொண்டோம். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நீ விலகியிருப்பாய்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் மாவுச் சட்டியோடு ஓடிவந்தாள். குளிர்ச்சி என்று முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அப்பினாள். "இன்னும் நல்லா அப்பும்மா" என்று சொன்னவன் நான்தான். ஆஸ்பத்திரியில் காய்ந்து ஒட்டிய மாவைக் கழுவி எடுத்தபோது நீ போட்ட சத்தம், வெந்நீர் கொட்டியபோதுகூட நீ போடாதது. "உடனே குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் கையைக் காட்டியிருந்தா இம்புட்டு ஆழம் போயிருக்காதும்மா" என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, "நாந்தான் பாக்காம வந்து இடிச்சிட்டேன்" என்றாய். என் முகத்தை நீ பார்க்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து நீ ஒரு சட்டம் போட்டாய். "சண்டை போட்டா போடுங்க. பேசாம இருந்தா இருங்க. சூட்டைத் தூக்கினா மட்டும் குரல் குடுக்கணும். நான் பதில் சொல்லாம காலை எடுத்து வைக்கக் கூடாது."

"சுடுதண்ணி வருது."

"விலகிட்டேன், வாங்க."

எத்தனை கோபத்திலும் இந்த இரண்டு வரியை விட்டதில்லை. பல சண்டைகள் இதோடு முடிந்தும் போயின, ஒரு தடவை வாய் திறந்தபிறகு வீம்பு எங்கே நிற்கும்.

வீட்டோடு நீ நிறுத்தவில்லை. தரையில் அடுப்பு வைத்திருந்த வீடுகளில் கல் மேடை போடச் சொல்லி நச்சரித்தாய். "ஏட்டி, முந்தானையச் செருகிட்டு அடுப்புகிட்ட போ" என்று தெருவில் போகும்போதே ஜன்னல் வழியே அதட்டினாய். "கலெக்டரம்மா கெளம்பியாச்சு" என்று நான் கேலி செய்வேன். சுட்ட புண்ணுக்கு யாராவது மாவு, பேஸ்ட், இங்க் என்று ஆரம்பித்தால் இடது கையை நீட்டிக் காட்டுவாய். அதற்குமேல் பேச்சு இருக்காது. அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நேற்று மாரியம்மாளின் பேரன் டீ டம்ளரை இழுத்துத் தொடையில் கொட்டிக்கொண்டான். புதிதாக வந்த சின்ன மருமகள் மாவுச் சட்டியை எடுத்திருக்கிறாள். மாரியம்மாள் தட்டிவிட்டதில் சட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. நான் போனபோது குழாயடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, புடவையெல்லாம் நனைய உட்கார்ந்திருந்தாள் மாரியம்மாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொன்னேன். ஒரு வாரத்தில் நான் இன்னொரு ஆளிடம் நேரில் வாய் திறந்து பேசியது அதுதான். பிறகு சுத்தமான வேட்டித் துணியால் மூடி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேல்தோலோடு போயிற்று, பயமில்லை என்றார்கள்.

திரும்பி வரும்போது, "அக்கா கைதான் கண்ணு முன்னால நின்னுச்சு அண்ணாச்சி" என்றாள் மாரியம்மாள். என்னால் அடக்க முடியவில்லை.

"அவ பாக்காம வந்து இடிக்கலம்மா. நாந்தான் குரல் குடுக்கல."

"தெரியும் அண்ணாச்சி. எங்க கொல்லையில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். யார்ட்டயும் சொல்லிராதன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாக. நான் பாத்தது உங்களுக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னாக."

ஆட்டோவில் அழுதேன். மாரியம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உன்னிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடத்தில் நான் சுடுதண்ணி வருது என்று மட்டும் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

திருப்பூரிலிருந்து மகள் போன் செய்யும்போதெல்லாம் ஹீட்டர் மாட்டித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்கிறேன். பிடிவாதம் என்று திட்டுகிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

இன்றும் கொல்லை அடுப்பில்தான் வெந்நீர் வைத்தேன். குண்டானைத் தூக்கி நிலைப்படிவரை வந்து, "சுடுதண்ணி வருது" என்றேன். நீ பதில் சொல்லாமல் நான் காலை எடுத்து வைக்கக் கூடாது. குண்டானைப் படியில் இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் இப்படித்தான். தண்ணீர் யாரையும் சுடாத அளவுக்கு ஆறியபிறகு தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன்.