தடம் மாறினால் நிறுத்து

ஜூன் 9

அன்புள்ள மாடி அக்காவுக்கு,

நலமா என்று தொடங்கத்தான் நினைத்தேன். சிறையில் இருப்பவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். எங்கள் வீட்டு மாடியில் நீங்கள் குடியிருந்த அறை பூட்டியே கிடக்கிறது. துணிமணிகளை அம்மா பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். உங்கள் இயற்பியல் புத்தகத்தை மட்டும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், திட்டாதீர்கள்.

தகடு அழுத்தும் இயந்திரத்துக்குள் ஆபரேட்டர் குனிந்திருந்தபோது மேல்பாகம் தானாக இறங்கி அவர் இறந்துபோனார் என்று செய்தித்தாளில் வந்திருக்கிறது. ஜூனியர் இன்ஜினியர் யாரிடமும் சொல்லாமல் பாதுகாப்பு மின்சுற்றை முடக்கியிருந்தாராம். அது நீங்கள்தான் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. அப்பா அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் என்பதால் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கம்ப்யூட்டர் ஓட்டும் இயந்திரம் எப்படித் தானாக இறங்கும்? அந்தச் சுற்று என்ன செய்யும்? நூலகத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பதிலைப் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கேள்விக்குறி

ஜூன் 21

அன்புக் கேள்விக்குறிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்துப் பாயில் படுப்பவள், "யாருடி செத்தது?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, ஒரு பாடம் நடத்தச் சொல்லி வந்திருக்கிறது என்றேன். இங்கே வெந்நீர் கிடையாது, வெளிச்சம் போதாது. மற்றபடி இருக்கிறேன்.

புரோகிராம் என்பது ஒரு தடத்தில் அடி அடியாக நடப்பது. கை உள்ளே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் இறக்கு, பிறகு ஏற்று. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் மின் அதிர்வு வரும். அதில் பிராசஸர் ஒரு நொடி தடுமாறி, ‘பார்’ என்ற அடியைத் தாண்டி ‘இறக்கு’ என்ற அடியில் போய் விழலாம். அதற்குத் தான் தவறியதே தெரியாது. தடம் மாறியவனிடமே தடம் சரியா என்று கேட்டு என்ன பயன்? அதனால் வெளியே தனியாக ஒரு சிப் வைப்போம். பிராசஸர் ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண்ணை அதற்கு அனுப்ப வேண்டும். எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் வரலாம் என்பது மட்டும்தான் அந்தச் சிப்புக்குத் தெரியும். வரக்கூடாதது வந்தால் யாரையும் கேட்காமல் மோட்டாரின் மின்சாரத்தை அறுத்துவிடும். நாங்கள் அதைக் காவல்காரன் என்போம்.

சோதனை மேசையில் புரோகிராமைப் பாதியில் நிறுத்திப் பார்க்கும்போது காவல்காரன் விடமாட்டான். அதனால் போர்டில் இருக்கும் இரண்டு ஊசிகள் மேல் ஒரு சின்னத் தொப்பியை மாட்டி அவனை வாய்மூட வைப்போம். தினமும் செய்கிற வேலை அது. அந்தப் பழக்கத்தில், ஓடுகிற இயந்திரத்தில் அதை மாட்டியபோதும் என் கை தயங்கவே இல்லை.

மாட்டியது நான்தான். அதை நான் மறுக்கவில்லை.

உன்
மாடி அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

மூன்று முறை படித்தேன். படமும் வரைந்து பார்த்தேன். பிராசஸர் தடுமாறுவது தப்பில்லை. அது தடுமாறும் என்று தெரிந்துதானே காவல்காரனை வைத்தீர்கள்?

இறந்த ஆபரேட்டரின் மகள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு. சென்ற வாரம்தான் திரும்பி வந்தாள். அவள் குடிநீர்க் குழாயடியில் நின்றபோது எல்லாரும் வழிவிட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை, தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

நன்றாக ஓடும் இயந்திரத்தில் நீங்களாக ஏன் தொப்பியை மாட்டப் போகிறீர்கள்? காரணம் இருக்க வேண்டும். யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரென்று எழுதுங்கள். எந்த அதிகாரியாக இருந்தாலும் அவர் முன்னால் போய் நின்று சொல்வேன். எனக்குப் பயமில்லை.

அன்புடன்,
கேள்விக்குறி

ஜூலை 15

அன்புக் கேள்விக்குறிக்கு,

இதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். உன்னிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் கேட்க வேறு ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்க இயந்திரம் நின்று நின்று போனது. காவல்காரன் வீணாகக் கத்துகிறான் என்றார்கள். விபத்துக்குப் பிறகுதான் பதிவுகளைப் பார்த்தேன், ஒரு தடவைகூட வீண் இல்லை. ஒவ்வொரு தடவையும் புரோகிராம் நிஜமாகவே தடம் மாறியிருந்தது. தொப்பியை மாட்டிய அன்று மாலை நான் தொழிற்சாலையிலிருந்து சாருக்கு, உன் அப்பாவுக்கு, போன் செய்தேன். அவர் வீட்டில் இருந்தார். பின்னால் நீ சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாய். அவர் சொன்ன பிறகுதான் மாட்டினேன். நான் அவரிடம் அப்படி எதுவும் கேட்கவே இல்லை என்று இப்போது போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் செய்தது இல்லையென்று ஆகாது. ஆனால் நானாகச் செய்தேன் என்றால் பல வருஷம் இங்கேயே இருக்க வேண்டும். என் வக்கீல் உன்னைப் பார்க்க வருவார். காதில் விழுந்ததை மட்டும் சொல். விழவில்லை என்றால் அதையே சொல், கோபப்பட மாட்டேன்.

உன்
மாடி அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

வக்கீல் வந்தார். இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவர் வருவார் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். என்னைத் திட்டவில்லை. "உனக்கு ஒரு அப்பாதான்டி" என்றாள். பிறகு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

வக்கீல் கூடத்தில் உட்கார்ந்தார். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த இரண்டு மாதத்தில் அப்பா மிகவும் மெலிந்துவிட்டார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் படிச்சுட்டு இருந்தேன் சார். எதுவும் காதுல விழலை" என்றேன்.

அவர் போன பிறகு அப்பா என் தேர்வு எப்போது என்று கேட்டார். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அக்கா, அன்று அவர் போனில் சொன்னது இது: "அவனைச் சும்மா இருக்க வை. காலையில லோடு போயாகணும். எதுவானாலும் நான் பாத்துக்கறேன்." யாரோ ஓர் ஆளைப் பற்றிப் பேசுகிறார் என்று அப்போது நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நடுவில் எதுவும் என்னை நிறுத்தவில்லை.

இனிமேல் எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்தால், நான் எழுதவில்லை என்று சொல்வேன். அதையும் என்னால் இப்போது சொல்ல முடியும்.