வாய் முந்திக்கொண்ட பெயர்

கும்மிடிப்பூண்டி,
12.8.2006

அன்புள்ள கோமதிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? கம்பெனியில் விரல் நசுங்கி, சின்ன ஆபரேஷன் ஆனது. பயப்படாதே. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து கோணல்.

மயக்க ஊசி போட்ட டாக்டரம்மா சொன்னார்: "மூளைய அடக்குறதுக்கு அதுலயே ரிசப்டார்னு வாசலுங்க இருக்குதுபா. மருந்து அத ரொம்ப நேரம் தொறந்து வெக்குது. தெளியறப்போ வாய்தான் முந்திக்கும்."

முந்திக்கொண்டது. "யாருபா தேன்மதி? கூப்டுக்கினே இருந்தியே, உம் பொண்ணா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஆமாம், ஊர்லதான் இருக்கா" என்றேன்.

அவளைப் புதைத்த நாளிலிருந்து, நீ அழுவாய் என்று நான் சொல்லாத பெயர்.

இரண்டு பழைய வேட்டி அனுப்பு. பெட்டியில் நீ கவிழ்த்து வைத்திருக்கும் அவள் போட்டோவையும் அனுப்பு. கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். நீயும் ஒருமுறை அவளை வாய்விட்டுக் கூப்பிடு, கோமதி.

இப்படிக்கு,
துரைக்கண்ணு